2016 என்.பி.ஏ. இறுதித் தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் கிளீவ்லாண்ட் கேவலியர்ஸும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் மோதிய 2016 இறுதித் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்கள் கேட்பது ஒரு வகை. இத்தனை வருடம் கழித்தும் விட்டுக்கொடுக்காமல் வாதாடும் ரசிகர்கள் கேட்பது இன்னொரு வகை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், வம்பானவை பின்னால்.

1. எந்த ரெண்டு டீம், யாரு ஜெயிச்சா? முதல்ல அதைச் சொல்லுங்க.

கிழக்குப் பிரிவில் வென்ற கேவலியர்ஸும் மேற்குப் பிரிவில் வென்ற வாரியர்ஸும் மோதின. 2016 ஜூன் 2 முதல் ஜூன் 19 வரை ஏழு ஆட்டங்கள் நடந்தன. கேவலியர்ஸ் 4-3 என்று வென்றது. முந்தைய வருடமும் இதே இரண்டு அணிகள்தான் இறுதித் தொடரில் ஆடின. அப்போது வாரியர்ஸ் 4-2 என்று ஜெயித்தது. கேவலியர்ஸின் கெவின் லவ் தோள் காயத்தால் அந்தத் தொடரில் ஆடவே இல்லை. கைரி இர்விங் முதல் ஆட்டத்தோடு முழங்கால் சில்லு உடைந்து வெளியேறினார்.

2016 ஆட்டங்களின் ஸ்கோர் இதுதான். முதல் ஆட்டம் வாரியர்ஸ் 104-89, இரண்டாவது வாரியர்ஸ் 110-77, மூன்றாவது கேவ்ஸ் (கேவலியர்ஸ்) 120-90, நான்காவது வாரியர்ஸ் 108-97. இங்கே நிலவரம் 3-1. அதன் பிறகு கேவ்ஸ் 112-97, 115-101, 93-89 என்று வரிசையாக மூன்றையும் ஜெயித்தது.

2. ஒரே ஒரு ஃபைனல் வெச்சு முடிக்காம எதுக்கு ஏழு மேட்ச்?

முதலில் நான்கு ஆட்டங்களை ஜெயிக்கும் அணிக்குத்தான் கோப்பை. நான்கிலேயே முடிந்தாலும் முடியும், ஏழு வரை இழுத்தாலும் இழுக்கும். ஒரே ஆட்டம் என்றால் ஒருவருக்கு அன்று கை நன்றாக வந்தாலே தலைவிதி மாறிவிடும். ஒரே எதிரியை ஏழு முறை சந்திக்கும்போது பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் படித்து, மாற்றி, மறுபடி மாற்றி ஆடுகிறார்கள். இந்தத் தொடரின் ருசியே அதில்தான் இருக்கிறது.

லீக் சுற்றில் அதிக வெற்றி பெற்ற அணிக்கு முதல், இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது ஆட்டங்கள் சொந்த ஊரில். மற்ற மூன்றும் எதிரணியின் ஊரில். ஆகவே இங்கே நான்கு ஆட்டங்கள் வாரியர்ஸின் ஓக்லாந்து ஓரக்கிள் அரங்கில் நடந்தன. அந்த சீசனின் லீக் சுற்றில் வாரியர்ஸ் அங்கே ஆடிய 41 ஆட்டங்களில் தோற்றது வெறும் இரண்டு. 3-1 என்று பின்தங்கிய பிறகு கிளீவ்லாண்ட் அங்கே போய் இரண்டு முறை ஜெயிக்க வேண்டியிருந்தது.

3. கடைசி மேட்ச் ஜூன் 19-ஆ, 20-ஆ? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கே.

இரண்டும் சரிதான். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஜூன் 19, ஞாயிறு இரவு 8 மணி. நம் ஊரில் அது ஜூன் 20, திங்கள் காலை 5.30. பழைய பதிவுகளைத் தேடும்போது அமெரிக்கத் தேதியைப் போட்டுத் தேடுங்கள்.

4. கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவன் நான். என்னென்ன ரூல் தெரிஞ்சா போதும்?

12 நிமிட குவாட்டர் நான்கு, மொத்தம் 48 நிமிடம். பந்து கைக்கு வந்த அணி 24 வினாடிக்குள் வீசியாக வேண்டும். சாதாரணக் கூடைக்கு 2 புள்ளி, கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் 3, எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் வீசக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ ஒவ்வொன்றுக்கும் 1. மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 7.24 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இரண்டு மூலைகளில் மட்டும் சுமார் 6.7 மீட்டர். ஆறு ஃபவுல் செய்தவர் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது.

இதோடு 'ஸ்கிரீன்', 'ஸ்விட்ச்' என்ற இரண்டும் தெரிந்தால் இந்தத் தொடரில் பாதி புரிந்துவிடும். பந்து வைத்திருப்பவரைக் காவல் காக்கும் எதிரணிக்காரரின் வழியில் சக வீரர் ஒருவர் அசையாமல் போய் நிற்பது ஸ்கிரீன். காவல்காரர் அதில் மாட்டிக்கொள்ளும்போது, ஸ்கிரீன் போட்டவரைக் காத்துக்கொண்டிருந்தவர் பந்துக்காரரை எடுத்துக்கொண்டு ஆள் மாற்றிக்கொள்வது ஸ்விட்ச். யார் யாரிடம் மாட்டினார் என்பதுதான் ஏழு ஆட்டமும்.

5. வாரியர்ஸ் 73-9ன்னு சொல்றாங்களே, அது என்ன அவ்ளோ பெரிய விஷயமா?

ஆமாம். 82 லீக் ஆட்டங்களில் 73 வெற்றி. அதற்கு முன் 1995-96 சிகாகோ புல்ஸின் 72-10 தான் சாதனை. மைக்கேல் ஜோர்டன் ஆடிய அந்த அணியின் எண்ணிக்கையை யாரும் தாண்ட மாட்டார்கள் என்று இருபது வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள். வாரியர்ஸ் சீசனை 24-0 என்று தொடங்கியது. பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்ததால் முதல் 43 ஆட்டங்களை உதவிப் பயிற்சியாளர் லூக் வால்டன்தான் நடத்தினார். அவற்றில் 39 வெற்றி.

ஸ்டெஃபன் கர்ரி அந்த சீசனில் 402 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டார். வாக்களித்த எல்லோரும் ஒருவர் விடாமல் அவரையே சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். என்.பி.ஏ. வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. கேவ்ஸ் 57-25. மோசமில்லை, ஆனால் 30-11 என்று முன்னணியில் இருந்தபோதே ஜனவரியில் பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கிவிட்டு, உதவியாளர் டைரன் லூவை அமர்த்திய அணி அது.

6. 3-1ன்னு பின்தங்கினா கதை முடிஞ்ச மாதிரியா?

அதுவரை முடிந்த மாதிரிதான். 2016-க்கு முன் இறுதித் தொடரில் 32 அணிகள் 3-1 என்று பின்தங்கின. 32-ம் தோற்றன.

இந்தத் தொடருக்கு வருவதற்கே வாரியர்ஸ் இப்படி ஒரு மீட்சியை நடத்தியிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மேற்குப் பிரிவின் இறுதியில் ஓக்லஹோமா சிட்டி தண்டரிடம் 3-1 என்று பின்தங்கி, 4-3 என்று வென்று வந்தார்கள். அதன் ஆறாவது ஆட்டத்தில் கிளே தாம்ப்சன் 11 மூன்று புள்ளி வீச்சுகளோடு 41 புள்ளி எடுத்தார். பிரமாதமான ஆட்டம். ஆனால் அந்த ஏழு ஆட்டங்கள் வாரியர்ஸை நன்றாகக் களைக்க வைத்தன.

7. முதல் ரெண்டு மேட்ச்ல கிளீவ்லாண்ட் எதுக்கு அப்படி அடி வாங்கினாங்க?

இரண்டு தோல்விகளுக்கும் காரணம் வேறு வேறு. முதல் ஆட்டத்தில் கர்ரியும் கிளே தாம்ப்சனும் சேர்ந்தே 20 புள்ளிதான். கேவ்ஸ் அவர்களை அடக்கிவிட்டது. ஆனால் மாற்று வீரர்களை மறந்துவிட்டது. பெஞ்சிலிருந்து வந்த ஷான் லிவிங்ஸ்டன் மட்டும் 20 புள்ளி. பெஞ்சுக்குப் பெஞ்ச் கணக்குப் பார்த்தால் 45-10.

இரண்டாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் 28 புள்ளி போட்டார். கேவ்ஸ் கர்ரிக்கும் தாம்ப்சனுக்கும் இரண்டு ஆள் போட்டதால் கிரீன் வெளியே தனியாக நின்றார், நின்ற இடத்திலிருந்து வீசினார். நடுவில் வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸின் முழங்கை கெவின் லவ்வின் தலையில் பட்டது. தலை அதிர்ச்சி காரணமாக லவ் பாதியில் வெளியேறினார், மூன்றாவது ஆட்டத்திலும் ஆடவில்லை.

8. மூணாவது மேட்ச்ல 30 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்களே, என்ன மாத்தினாங்க?

லவ் இல்லாததால் ரிச்சர்ட் ஜெஃபர்சன் முதல் ஐவரில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 35. உயரமும், தவறிய வீச்சின் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டும் குறைந்தன, காலில் வேகம் கூடியது. வாரியர்ஸ் எந்த ஸ்கிரீன் போட்டாலும் தயங்காமல் ஆள் மாற்றிக்கொள்ள முடிந்தது. ரீபவுண்ட் கிடைத்ததும் எதிரணி வந்து நிற்பதற்குள் பந்தை ஓட்டிக்கொண்டு போனார்கள். முதல் குவாட்டர் 33-16. கேவ்ஸின் முன்னணி வீரர் லெப்ரான் ஜேம்ஸ் 32, இர்விங் 30.

சொந்த ஊர் ஆதரவும் காரணம்தான். ஆனால் அடுத்த ஆட்டம் அதே அரங்கில் தோற்றதையும் பார்க்க வேண்டும். நான்காவது ஆட்டத்தில் கேவ்ஸ் மெதுவாகி, லெப்ரானோ இர்விங்கோ பந்தைத் தட்டிக்கொண்டு தனியாக மோதுவதும் மற்றவர்கள் நின்று பார்ப்பதுமாக ஆடினார்கள். கர்ரி 38 புள்ளி, வாரியர்ஸ் மொத்தம் 17 மூன்று புள்ளி வீச்சு. வேகம் இருந்தால் கிளீவ்லாண்ட், வேகம் போனால் வாரியர்ஸ் என்று அந்த இரண்டு ஆட்டங்களிலேயே தெரிந்துவிட்டது.

9. டிரேமண்ட் கிரீனை எதுக்கு ஒரு மேட்ச் தடை பண்ணாங்க? வீடியோவுல பார்த்தா பெரிய அடி மாதிரியே தெரியலையே?

தடை அந்த ஓர் அடிக்காக மட்டும் வந்ததில்லை. லீக் சுற்றுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில் 'ஃபிளேக்ரன்ட்' எனப்படும் மோசமான ஃபவுலுக்குத் தனியாகப் புள்ளி சேரும். முதல் வகைக்கு 1, கடுமையான இரண்டாம் வகைக்கு 2. நான்கு சேர்ந்தால் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. கிரீனுக்கு ஹூஸ்டனோடு ஆடிய முதல் சுற்றில் 1 சேர்ந்தது. ஓக்லஹோமா சிட்டியின் ஸ்டீவன் ஆடம்ஸை இடுப்புக்குக் கீழே உதைத்ததற்கு 2. ஆக, இறுதித் தொடருக்குள் வரும்போதே அவர் கணக்கில் மூன்று இருந்தது.

நான்காவது ஆட்டத்தின் கடைசியில் இருவரும் மோதியதில் கிரீன் கீழே விழுந்தார். லெப்ரான் அவரைத் தாண்டிக் கால் வைத்து நடந்தார். எழுந்துகொண்டே கிரீன் கையை வீச, அது லெப்ரானின் இடுப்புக்குக் கீழே பட்டது. ஆட்டம் முடிந்த பிறகு லீக் அதை முதல் வகை ஃபிளேக்ரன்ட் ஆக்கியது. கணக்கு நான்கு ஆனது. லெப்ரானுக்கும் சீண்டியதற்காக டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். தடை பெற்றவர் அரங்கத்துக்குள்ளேயே இருக்கக்கூடாது என்பதால், ஐந்தாவது ஆட்டத்தின்போது கிரீன் பக்கத்திலிருந்த பேஸ்பால் மைதானத்தில் இருந்தார்.

10. அப்போ கிரீன் ஆடியிருந்தா அஞ்சாவது மேட்ச்லயே வாரியர்ஸ் முடிச்சிருப்பாங்கதானே?

முடித்திருக்க வாய்ப்பு அதிகம், அதை மறுக்க முடியாது. வாரியர்ஸின் தடுப்பாட்டத்துக்கு மூளையே கிரீன்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் லெப்ரான் 41, இர்விங் 41. இறுதித் தொடரின் ஒரே ஆட்டத்தில் ஓர் அணியின் இரண்டு பேர் 40-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. இர்விங் வீசிய 24-ல் 17 கூடைக்குள் போனது. அவற்றில் பலவும் நல்ல தடுப்புக்கு எதிரே, முகத்துக்கு முன்னால் கை இருக்கும்போதே போட்டவை.

கிரீன் இல்லாததைவிட அந்த ஆட்டத்தில் நடந்த இன்னொரு விஷயம் தொடரை அதிகமாக மாற்றியது என்பது எங்கள் கருத்து. மூன்றாவது குவாட்டரில் வாரியர்ஸின் நெட்டை சென்டர் ஆண்ட்ரூ போகட்டின் முழங்காலில் கேவ்ஸின் ஜே.ஆர். ஸ்மித் விழுந்தார். போகட்டுக்குத் தொடரே முடிந்தது. கிரீன் ஆறாவது ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். ஏழாவதில் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழி செய்த பாஸ்) என்று வாரியர்ஸில் மிகச் சிறப்பாக ஆடியவரும் அவரே. கூடைக்கடியில் நின்று லேஅப்பை (கூடைக்கு மிக அருகே போய்ப் போடும் வீச்சை) தடுக்கும் ஆள்தான் திரும்பி வரவில்லை. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் லெப்ரானும் கேவ்ஸின் டிரிஸ்டன் தாம்ப்சனும் கூடையை நோக்கிப் போன விதத்தைக் கவனியுங்கள், வித்தியாசம் தெரியும்.

அதோடு பார்ன்ஸ். கடைசி மூன்று ஆட்டங்களில் 32 வீசி 5 போட்டார். கேவ்ஸ் வேண்டுமென்றே அவரைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்களுக்கு நெருக்கடி கொடுத்தது.

11. கிளீவ்லாண்ட் ஒவ்வொரு தடவையும் கர்ரியையே குறி வெச்ச மாதிரி இருந்துச்சே, அது எப்படி?

குறி வைத்தார்கள் என்பது உண்மை. கர்ரியிடம் வாரியர்ஸ் எளிய காவல் வேலையைத்தான் கொடுக்கும். ஜே.ஆர். ஸ்மித், ஜெஃபர்சன், இமான் ஷம்பர்ட் மாதிரி பந்தை அதிகம் வைத்திருக்காத ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும். இர்விங்கைக் காக்க கிளே தாம்ப்சன், லெப்ரானைக் காக்க ஆண்ட்ரே இகுவோடாலா.

கேவ்ஸ் செய்தது எளிய வேலை. கர்ரி யாரைக் காக்கிறாரோ அவரையே கூப்பிட்டு ஸ்கிரீன் போடச் சொன்னார்கள். வாரியர்ஸ் ஆள் மாற்றினால் லெப்ரானுக்கோ இர்விங்குக்கோ எதிரே கர்ரி. மாற்றாமல், கர்ரி ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பினால், அந்தக் கணத்தில் ஸ்கிரீன் போட்டவர் தனியாக இருப்பார். இரண்டு பேர் சேர்ந்து பந்துக்காரரை மடக்கினால் லெப்ரான் கண்ணுக்கு மூலையில் நிற்பவர் தப்ப மாட்டார். மூன்று வழியிலும் இழப்பு வாரியர்ஸுக்குத்தான்.

இதை ஓர் ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை செய்தால் கர்ரியின் கால் சோர்ந்துபோகும், ஃபவுலும் சேரும். ஆறாவது ஆட்டத்தில் அவர் ஆறு ஃபவுலோடு வெளியேறினார். கோபத்தில் வாய்க்காப்பை வீசியெறிய, நடுவர் அவரை அரங்கத்தைவிட்டே அனுப்பினார்.

12. கர்ரிக்கு முட்டியில அடி பட்டிருந்துச்சாமே? அதனாலதான் தோத்தாங்களா?

முதல் சுற்றில் ஹூஸ்டனோடு ஆடும்போது கணுக்காலும் பிறகு வலது முழங்காலும் பாதிக்கப்பட்டன. பல ஆட்டங்களில் ஆடவில்லை. ஆனால் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே போர்ட்லாண்டுக்கு எதிராக 40 புள்ளி, அதில் கூடுதல் நேரத்தில் மட்டும் 17. இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்திலும் 38 போட்டிருக்கிறார்.

முழு வேகத்தில் அவர் இல்லை என்பது பார்த்தால் தெரிகிறது, பெரிய தடுப்பு வீரரைக் கடந்து போவதில் தடுமாறினார். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் மேலே 11-ல் சொன்ன திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுக்காமல் போகிறோம். காலில் சிரமம் இருப்பவரை ஒவ்வொரு முறையும் ஓட வைப்பதும் திட்டத்தின் பகுதிதான்.

13. ஏழாவது மேட்ச்சை முழுசா பார்க்க நேரமில்லை. எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?

நான்காவது குவாட்டரில், கடிகாரத்தில் ஆறு நிமிடம் மீதம் இருக்கும்போது ஆரம்பியுங்கள். சிறிது நேரத்தில் வாரியர்ஸ் 87-83 என்று முன்னிலை பெறும். அங்கே லெப்ரான் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வீசுவதுபோல் போக்குக் காட்ட, வாரியர்ஸின் சென்டர் ஃபெஸ்டஸ் எஸெலி குதித்து ஃபவுல் செய்துவிடுகிறார். மூன்று ஃப்ரீ த்ரோ, மூன்றும் உள்ளே. அடுத்த முறையும் எதிரே எஸெலி. இம்முறை அவர் குதிக்கப் பயந்து தயங்க, லெப்ரான் நிஜமாகவே வீசி மூன்று எடுக்கிறார். கேவ்ஸ் 89-87. போகட் இருந்திருந்தால் எஸெலி அங்கே நின்றிருப்பாரா என்று வாரியர்ஸ் ரசிகர்கள் இன்றும் கேட்பது இதனால்தான்.

4 நிமிடம் 39 வினாடி மீதம் இருக்கும்போது கிளே தாம்ப்சன் லேஅப் போட்டு 89-89 ஆக்குகிறார். அதுதான் வாரியர்ஸ் அந்த சீசனில் போட்ட கடைசிக் கூடை. அதற்குப் பிறகு வீசிய எதுவும் உள்ளே போகவில்லை. மூன்றே முக்கால் நிமிடம் இரண்டு அணிக்கும் ஒரு புள்ளி கூட இல்லை. எல்லோருக்கும் கால் செத்துப்போயிருக்கிறது, வீச்சுகள் எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கின்றன. இந்தப் பகுதியை ஓட்டிவிடாமல் பாருங்கள். தடுப்பாட்டம் என்றால் என்ன என்பது இங்கேதான் இருக்கிறது.

14. லெப்ரானோட அந்த பிளாக் கோல்டெண்டிங் இல்லையா? பந்து போர்டுல பட்டுச்சே!

இல்லை. எதிராளி வீசிய பந்தைத் தட்டித் தடுப்பதுதான் பிளாக். ஆனால் கூடை நோக்கிப் போகும் பந்து வளையத்தின் மட்டத்துக்கு மேலே முதலில் போர்டில் (கூடைக்குப் பின்னால் இருக்கும் பலகையில்) பட்டுவிட்டால், அதன் பிறகு தடுப்பவர் அதைத் தொடக்கூடாது. தொட்டால் கோல்டெண்டிங், வீசியவருக்குப் புள்ளி. இறங்கத் தொடங்கிய பந்தைத் தொட்டாலும் அதேதான். லெப்ரானின் கை முதலில் பட்டது, பந்து அவர் கைக்கும் போர்டுக்கும் நடுவே அடிபட்டுத் திரும்பியது. மெதுவாக ஓட்டிப் பாருங்கள், வரிசை தெளிவாகத் தெரியும்.

1 நிமிடம் 50 வினாடி மீதம், 89-89. இர்விங்கின் வீச்சு தவற, ரீபவுண்ட் எடுத்த இகுவோடாலா பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார். கர்ரிக்குக் கொடுத்து, திரும்ப வாங்குகிறார். எதிரே ஒரே ஆள், ஜே.ஆர். ஸ்மித். அவர் ஃபவுல் செய்யாமல் குறுக்கே எழும்பியதால் இகுவோடாலா காற்றிலேயே பந்தைக் கொஞ்சம் கீழிறக்கி, உடலை வளைத்து வீச வேண்டி வந்தது. அந்த ஒரு நொடிக்கும் குறைவான தாமதம்தான் பின்னால் ஓடி வந்த லெப்ரானுக்குப் போதுமானதாக இருந்தது. படத்தில் லெப்ரான் மட்டும் தெரிவார். ஸ்மித்துக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

15. கைரி போட்ட கடைசி த்ரீ பாயிண்டர் லக்குன்னு சிலர் சொல்றாங்களே?

53 வினாடி மீதம். ஏற்பாடு 11-ல் சொன்ன அதே ஏற்பாடு. இர்விங்கைக் காத்தவர் கிளே தாம்ப்சன், ஸ்மித்தைக் காத்தவர் கர்ரி. ஸ்மித் வந்து ஸ்கிரீன் போட, ஆள் மாறி இர்விங்குக்கு எதிரே கர்ரி. இர்விங் அவசரப்படவில்லை. பந்தைக் காலுக்கு நடுவே தட்டி, உள்ளே நுழைவதுபோல் ஒரு அடி வைத்து, கர்ரியின் எடை பின்னங்காலுக்குப் போனதும் வலது பக்கமாக விலகி எழும்பினார். கர்ரி கையை உயர்த்தத்தான் செய்தார், ஆனால் அரை அடி எட்டவில்லை. 92-89.

கடினமான வீச்சுதான். பத்து முறை வீசினால் பத்தும் போகாது. ஆனால் அந்த இடமும் அந்த எதிராளியும் அதிர்ஷ்டத்தில் அமைந்தவை அல்ல. தொடர் முழுக்கத் தேடிய அதே ஜோடியைக் கடைசி நிமிடத்திலும் தேடி எடுத்தார்கள்.

16. அதுக்கப்புறம் கெவின் லவ் என்ன பண்ணார்? அதை ஏன் யாரும் பேசுறதில்லை?

பேச வேண்டியது. அடுத்து வாரியர்ஸும் அதே வித்தையைச் செய்தது. கிரீன் ஸ்கிரீன் போட, கர்ரிக்கு எதிரே லவ் வந்து நின்றார். தடுப்பாட்டத்தில் பலவீனமானவர் என்று சீசன் முழுக்கத் திட்டு வாங்கிய பெரிய ஆள். 11-ல் கர்ரிக்கு நேர்ந்தது இப்போது லவ்வுக்கு நேர வேண்டும்.

லவ் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒட்டிக்கொண்டு, போக்குக் காட்டியதற்குக் குதிக்காமல், பக்கவாட்டில் காலை நகர்த்தி நகர்த்தி நின்றார். கர்ரி பந்தைக் கிரீனிடம் கொடுத்து மறுபடி வாங்கிப் பார்த்தார், அப்போதும் வழி கிடைக்கவில்லை. கடைசியில் நெருக்கடியில் மூன்று புள்ளி வீசினார், தவறியது. மூன்று புள்ளிதான் வித்தியாசம், நேரமும் இருந்தது. லவ்வைக் கடந்து உள்ளே போய் இரண்டு எடுத்திருந்தால் ஆட்டம் உயிரோடு இருந்திருக்கும். அந்த முடிவு வாரியர்ஸின் பெரிய தவறு என்பதே எங்கள் அபிப்பிராயம். அந்த இரவில் லவ் 9 புள்ளிதான், ஆனால் 14 ரீபவுண்ட்.

பிறகு 10.6 வினாடி மீதம் இருக்கும்போது, எழும்பிப் பந்தைக் கூடைக்குள் அமுக்கும் டங்க் போடப் போன லெப்ரானை கிரீன் ஃபவுல் செய்தார். விழுந்ததில் லெப்ரானின் மணிக்கட்டில் அடி. இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று உள்ளே போய் 93-89. நான்கு புள்ளி என்றால் ஒரே வீச்சில் சமன் செய்ய முடியாது. அங்கேயே முடிந்தது.

17. கடைசி நாலு நிமிஷத்துல லெப்ரான் ஒரு கூடை கூட போடலை. அவருக்கு எதுக்கு எம்.வி.பி.?

எம்.வி.பி., அதாவது சிறந்த வீரர் விருது, கடைசி நான்கு நிமிடத்துக்குக் கொடுப்பதில்லை, தொடர் முழுமைக்கும் கொடுப்பது. ஏழு ஆட்டங்களில் அவர் சராசரி 29.7 புள்ளி, 11.3 ரீபவுண்ட், 8.9 அசிஸ்ட், 2.6 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), 2.3 பிளாக். இரண்டு அணியையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்திலுமே அவர்தான் முதலிடம். எந்தச் சுற்றின் எந்த பிளேஆஃப் தொடரிலும் அதற்கு முன் யாரும் இப்படிச் செய்ததில்லை. ஒரு வாக்கு கூட வேறு யாருக்கும் போகவில்லை.

கடைசி மூன்று ஆட்டங்கள் 41, 41, பிறகு 27 புள்ளி 11 ரீபவுண்ட் 11 அசிஸ்ட். நான்கு நிமிடக் கணக்கு கேட்பவர்கள் 13-ல் சொன்ன ஆறு புள்ளிகளையும் 14-ல் சொன்ன தடுப்பையும் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? இர்விங்குக்குக் கொடுத்திருக்கலாம் என்ற வாதத்தில் மரியாதை இருக்கிறது, அவர் சராசரி 27.1. ஆனால் இரண்டு முனையிலும் ஆட்டத்தைச் சுமந்தவர் ஒருவர்தான்.

18. ஆறு மேட்ச் முடிஞ்சப்போ ரெண்டு டீமும் மொத்தமா ஒரே ஸ்கோராமே? நிஜமா?

நிஜம். 1-ல் உள்ள எண்களைக் கூட்டிப் பாருங்கள். ஆறு ஆட்டங்களுக்குப் பிறகு வாரியர்ஸ் 610, கேவ்ஸ் 610. ஏழாவதில் 89-89 என்று நின்றபோது 699-699. இத்தனைக்கும் 33 புள்ளி, 30 புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள் நடுவே இருந்தன.

19. லீக்கே பார்த்து ஏழு மேட்ச் வரைக்கும் இழுத்துச்சுன்னு சொல்றாங்களே? கர்ரியை வேணும்னே வெளியே அனுப்பினாங்கன்னு?

ஆறாவது ஆட்டத்தில் கர்ரிக்குக் கொடுத்த ஃபவுல்களில் சில மிக லேசானவை. அதை ஒப்புக்கொள்ளலாம். ஸ்டீவ் கெர் வெளிப்படையாகவே நடுவர்களைக் குறை சொன்னார், அதற்காக அவருக்கு 25,000 டாலர் அபராதம். வாய்க்காப்பை வீசிய கர்ரிக்கும் அதே தொகை.

ஆனால் அந்த ஆட்டத்தின் முதல் குவாட்டர் 31-11. கர்ரி வெளியேறியது கடைசிக் குவாட்டரின் பின்பகுதியில். முதல் 12 நிமிடத்தில் 20 புள்ளி பின்தங்கியதை எந்த நடுவரும் செய்யவில்லை. கிரீனின் தடையும் 9-ல் பார்த்தபடி முன்பே எழுதி வைத்த கணக்கின்படி வந்தது. சூழ்ச்சி என்று சொல்பவர்கள் ஏழாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் வரிசையாகத் தவறவிட்ட வீச்சுகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

20. கோப்பை ஜெயிச்சா சந்தோஷப்படுவாங்க. லெப்ரான் ஏன் தரையில விழுந்து அப்படி அழுதார்?

கிளீவ்லாண்டில் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து மூன்றுக்கும் பெரிய அணிகள் உண்டு. ஆனால் 1964-ல் பிரவுன்ஸ் அணி கால்பந்தில் வென்றதற்குப் பிறகு 52 வருடம் அந்த ஊருக்கு ஒரு கோப்பை கூட வரவில்லை. 1970-ல் தொடங்கிய கேவலியர்ஸுக்கு இதுதான் முதல் கோப்பை.

லெப்ரான் பக்கத்து ஊரான ஆக்ரனில் பிறந்தவர். 2010-ல் அணியை விட்டு மயாமிக்குப் போனபோது ரசிகர்கள் அவர் சட்டையைத் தெருவில் எரித்தார்கள். மயாமியில் இரண்டு கோப்பை வென்றுவிட்டு, கிளீவ்லாண்டுக்கு ஒரு கோப்பை கொண்டுவருவதே குறி என்று சொல்லி 2014-ல் திரும்பினார். ஆட்டம் முடிந்ததும் மைக்கில் அவர் அடித்தொண்டையிலிருந்து கத்தியது, கிளீவ்லாண்டே, இது உனக்காக என்ற பொருளில். ஜூன் 22 அன்று நடந்த வெற்றி ஊர்வலத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம் என்று மதிப்பிட்டார்கள். அந்த நகரத்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு.

21. இதுல தோத்ததாலதான் கெவின் டுராண்ட் வாரியர்ஸுக்கு வந்தாரா?

தோல்வி ஒரு காரணம், பணக்கணக்கு இன்னொரு காரணம். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் அணிகளின் சம்பள உச்சவரம்பு அந்தக் கோடையில் 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனாகத் தாவியது. சாதாரண வருடமாக இருந்தால் வாரியர்ஸால் டுராண்ட் மாதிரி ஒரு நட்சத்திர வீரருக்கு இடம் ஒதுக்கியிருக்கவே முடியாது. ஜூலை 4 அன்று அவர் வருவதாக அறிவித்தார், 6-ல் சொன்ன அதே ஓக்லஹோமா சிட்டியிலிருந்து. பார்ன்ஸும் போகட்டும் இடத்தைக் காலி செய்தார்கள்.

2017-ல் வாரியர்ஸ் 4-1, 2018-ல் 4-0, இரண்டு முறையும் எதிரே கிளீவ்லாண்ட்தான். 2016-ல் கண்ட ஓட்டைகளை அடைக்க ஒரே ஆள் போதும் என்றால் அது டுராண்ட்தான். பார்ன்ஸைத் தனியாக விட்டதுபோல் அவரை விட முடியாது, கூடைக்கடியில் தடுக்கவும் அவருக்கு உயரம் உண்டு.

22. அதுக்கப்புறம் வேற யாராவது ஃபைனல்ஸ்ல 3-1லேர்ந்து திரும்பி வந்து ஜெயிச்சிருக்காங்களா?

2025 வரை யாரும் இல்லை. முந்தைய சுற்றுகளில் நடந்திருக்கிறது. 2020-ல் டென்வர் நகெட்ஸ் ஒரே பிளேஆஃபில் இரண்டு முறை, முதலில் யூட்டாவிடமும் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸிடமும், 3-1-லிருந்து மீண்டது. இறுதித் தொடரில் 2016 கேவலியர்ஸ் மட்டும்தான்.